இரட்டைக் கன்றும் மலட்டு நாகும்
கறவை மாடுகளில் நிறமூர்த்தக் குறைகளும் சினைப்படாமையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நெல் வேளாண்மையும் மாடு வளர்ப்பும் ஒன்றையொன்று தழுவியே நடைபெற்று வருகின்றன. படுவான்கரையில் அறுவடை முடிந்ததும் வயல்களில் அரிதாள் மேயும் மந்தைகள், பெரும்போக விதைப்பு ஆரம்பிக்குங் காலத்தில் மேற்கே மாதவனை, மயிலத்தமடு முதலிய மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்லப்படுகின்றன. எழுவான்கரையில் மரக்கறித் தோட்டஞ் செய்வோர் ஓரிரு பசுக்களைக் கொட்டிலிற் கட்டி வளர்த்து, அவற்றின் சாணத்தால் மணல் நிலத்தை வளப்படுத்துகின்றனர். மட்டக்களப்பு எருமைத் தயிரின் புகழோ இலங்கை எங்கணும் பரவியதாகும்.

கன்று ஈன்றாலன்றிப் பசு பால் தராது என்பதை எவரும் அறிவர். ஒரு நாகு கன்றாகப் பிறந்த நாள் முதல் மூன்றாண்டு வரை தீனி தின்று வளர்ந்து, அதன் பின்னருஞ் சினைப்படாதிருந்தால், உடையவருக்கு நேரும் நட்டம் சிறிதன்று. தீனியும் உழைப்பும் வீணாவதோடு, அந்த நாகின் இடத்தில் வளர்ந்திருக்கக்கூடிய நல்ல நாகொன்றும் இல்லாமற் போகிறது. இத்தகைய மாட்டைக் கண்டவிடத்துக் கண்ணூறு என்பாரும், ஊழ்வினை என்பாரும் உளர். ஆனால், மலட்டுத் தன்மைக்குக் காரணங்கள் உண்டு. அவற்றுட் பல திருத்தத்தக்கவை. சில, கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுபவை. எந்த மருந்தாலும் மாற்ற முடியாதவை. இவ்விரு வகையையும் வேறு பிரித்தறிந்து, மாற்ற முடியாத குறையைக் காலத்தோடு கண்டுகொள்வதற்கு வேண்டியவை இங்கு விளக்கப்படுகின்றன.

முதலில் நோக்க வேண்டியவை

சினைப்படாத மாடு யாவும் பிறவிக் குறையுடையது என்று கருதுதல் தவறாகும். பெரும்பாலான மாடுகள் சினைப்படாதிருப்பதற்குக் காரணம் தீனிக் குறைவும், வேட்கைக் காலத்தைக் கவனியாமையும், நோயுமே. வைக்கோலை மட்டும் உண்ணும் மாட்டுக்குப் புரதமும் கனியுப்புக்களும் போதியளவு கிடைப்பதில்லை. வரட்சிக் காலத்தில் மெலிந்த பசு வேட்கை கொள்ளாமலே இருந்துவிடுகிறது. கிளிரிசீடியா, இபில் இபில் ஆகியவற்றின் தழையையும் கனியுப்புக் கட்டியையும் கொடுத்து உடலைத் தேற்றிய பின்னரே வேறு காரணங்களை ஆராய்தல் வேண்டும்.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வேட்கை கொள்கிறது. அது பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் நீடிப்பதில்லை. காலையில் வேட்கைக் குறி கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலுஞ் செயற்கை முறைச் சினைப்படுத்தலைச் செய்வித்தல் நன்று. எருமையின் வேட்கை பெரும்பாலும் வெளிக்குத் தெரிவதில்லை. இரவு வேளைகளிலேயே மிகுதியும் வெளிப்படும். ஆதலால், பொழுது சாய்ந்த பின்னரும் விடியற் காலையிலும் எருமைகளைக் கவனித்தல் அவசியம்.

சினைப்பட்ட மாடு ஐந்தாம் மாதத்துக்குப் பின் கருச்சிதைவுறுமாயின், புரூசெல்லா என்னும் நோயை ஐயுற வேண்டும். இந்நோய் மனிதரையும் பற்றும். சிதைந்த கருவையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாது, ஆழப் புதைத்துவிட்டுக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பாலை நன்றாகக் காய்ச்சிய பின்னரே தயிர் தோய்த்தல் வேண்டும் என்பதும் இதனாலேயாம்.

இவை யாவுஞ் செம்மையாக இருந்தும் ஒரு மாடு சினைப்படாதிருப்பின், பிறவிக் குறையைப் பற்றிச் சிந்திக்க இடமுண்டு.

நிறமூர்த்தம் என்பது யாது?

எல்லா உயிர்களின் உடலும் கலங்கள் எனப்படும் மிக நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் உள்ளும், பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்லும் நுண்ணிய இழைகள் உள்ளன. சாயமூட்டிப் பார்க்கும்போது அவை நிறம் பெற்றுத் தோன்றுவதால் நிறமூர்த்தங்கள் எனப்பட்டன. அவை சோடி சோடியாகவே அமைந்திருக்கும். நெல்லில் 24, அதாவது 12 சோடி உண்டு. கத்தரியிலும் 24, மனிதரில் 46, பசுவில் 60, மட்டக்களப்பில் வளரும் எருமையில் 50.

விந்தும் சூலும் உண்டாகும்போது ஒவ்வொரு சோடியும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஒரு பக்கமும் மற்றையது மறு பக்கமுஞ் செல்கின்றன. ஆதலால், காளையின் விந்திலிருந்து 30 நிறமூர்த்தங்களும், பசுவின் சூலிலிருந்து 30 நிறமூர்த்தங்களுஞ் சேர்ந்து, கன்றுக்கு மீண்டும் 60 ஆகின்றன. ஒரு சோடி கன்றின் பாலைத் தீர்மானிக்கிறது. பசுவில் அச்சோடியின் இரண்டும் எக்ஸ் எனப்படும் ஒரே வகையின. காளையில் ஒன்று எக்ஸ், மற்றையது வை.

சோடி பிரியும் இவ்வொழுங்கு குலைந்தால் வித்து உண்டாவது தடைப்படும். தோட்டக்காரர் இதற்கு நல்ல உதாரணங்களை அறிவர். உண்ணும் வாழைகளிற் பெரும்பாலானவற்றில் 22 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 33 உள்ளன. மூன்று மூன்றாக இருப்பதால் அவை சோடி சேர்ந்து ஒழுங்காகப் பிரிய முடிவதில்லை; எனவே பழத்தில் வித்து இல்லை. வித்தற்ற வத்தகைப் பழமும் அவ்வாறே 33 நிறமூர்த்தங்களுடையது. வாழையிலும் வத்தகையிலும் உண்பவர்க்கு நன்மையாக அமைந்த இம்மலட்டுத் தன்மை, கறவை மாட்டில் நேரும்போது உடையவர்க்குப் பெருங் கேடாகின்றது.

நாம்பனோடு பிறந்த நாகு

பிறவிக் குறைகளுள் கமக்காரர் தாமே கண்டுகொள்ளக் கூடியதும், மிகுதியும் நட்டம் விளைப்பதும் ஒன்றுண்டு. பசு இரட்டைக் கன்று ஈன்று, அவற்றுள் ஒன்று நாம்பனும் மற்றையது நாகுமாயின், அந்த நாகு பெரும்பாலும் மலடாகும். இத்தகைய நாகுகளுள் 100 க்கு 90 க்கும் மேற்பட்டவை ஒருபோதுஞ் சினைப்படுவதில்லை.

இதன் காரணம் தாய் வயிற்றிலேயே உள்ளது. இரு கன்றுகளின் இளங்கொடிகளும் சினையின் இரண்டாம் மாதத்துக்குள்ளாகவே ஒன்றோடொன்று பொருந்தி, அவற்றின் குருதிக் குழாய்களும் இணைந்துவிடுகின்றன. அதன் பின் இரண்டின் குருதியும் ஒன்றாய்க் கலந்து ஓடுகிறது. நாம்பன் கன்றின் உடலிற் சுரக்கும் பொருள்கள் நாகுக் கன்றின் உடலிற் புகுந்து, அதன் சூலகமும் கருப்பையும் ஒழுங்காக வளர்வதைத் தடுத்துவிடுகின்றன. அத்துடன் நாம்பனின் குருதிக் கலங்களும் நாகின் உடலிற் குடியேறி, ஆயுள் முழுவதுந் தங்கிவிடுகின்றன. ஆகவே, அந்த நாகின் குருதியை ஆராய்ந்தால், எக்ஸ் இரண்டுடைய பெண் கலங்களும், எக்ஸ்-வை உடைய ஆண் கலங்களும் ஒருங்கே காணப்படும்.

இவ்வுண்மை அறியப்பட்ட வரலாறும் அறியத்தக்கதே. 1779 இல் இங்கிலாந்திலே யோன் ஹன்டர் என்னும் மருத்துவ அறிஞர் இத்தகைய மலட்டு நாகுகளின் உடலை அறுத்து ஆராய்ந்து விவரித்தார். 1916 இல் அமெரிக்காவில் பிராங் லில்லி என்பவர் இரு கன்றுகளின் குருதி கலப்பதே இதற்குக் காரணம் என விளக்கினார். 1945 இல் அதே நாட்டில் ரே ஓவன் என்பவர், இரட்டையாகப் பிறந்த மாடுகளின் உடலில் இரு வகைக் குருதிக் கலங்கள் வாழ்நாள் முழுவதும் பகையின்றி வாழ்வதைக் கண்டார். ஒருவர் உடலுறுப்பை மற்றொருவர் உடல் ஏற்கச் செய்வது பற்றிய மருத்துவ ஆராய்ச்சிக்கு அது வழிகாட்டிற்று. மாட்டுப்பட்டியில் அரிதாய்த் தோன்றும் ஒரு குறை, மனித மருத்துவத்துக்கும் பயன்பட்டதை இதனால் அறியலாம்.

இதனை அறிந்துகொள்வது எவ்வாறு?

இரட்டையிற் பிறந்த நாகு எல்லாம் மலடன்று. இரண்டும் நாகுகளாயின் இக்குறை நேராது. இரண்டையும் அச்சமின்றி வளர்க்கலாம். உடன் பிறந்தது நாம்பனாயின் மட்டுமே ஐயுறல் வேண்டும். அந்த நாம்பன் பெரும்பாலும் இனம் பெருக்கும் ஆற்றலுடையதே. எனினும், சிலவற்றில் அவ்வாற்றல் குறைவதால், அதனைப் பொலிகாளையாகத் தெரிவு செய்யாது விடுவதே நன்று.

மலட்டு நாகில் பெண்குறி சிறுத்திருக்கும். அதன் நுனியில் நீண்ட மயிர்க் கற்றை காணப்படுதலும் உண்டு. காம்புகள் வளர்ச்சி குன்றியிருக்கும். வயது வந்தும் அது வேட்கை கொள்ளாது. உடல் சற்று நாம்பனைப் போலத் திரண்டு வளரும். ஆனால், கன்றுப் பருவத்தில் இவ்வடையாளங்கள் தெளிவாகத் தோன்றா. கால்நடை வைத்திய அதிகாரி மழுங்கிய முனையுள்ள கோலொன்றை நுழைத்துப் பெண்வழியின் நீளத்தை அளந்து பார்ப்பார். மலட்டு நாகில் அது இயல்பான அளவிற் பாதிக்கும் குறைவாக இருக்கும். பிறந்து சில வாரங்களிலேயே செய்யக்கூடிய இச்சோதனையைக் கமக்காரர் தாமே செய்ய முற்படலாகாது. கன்றுக்கு உட்காயம் நேரக்கூடும்.

சில வேளைகளிற் சினையின் தொடக்கத்தில் நாம்பன் கரு மாத்திரம் அழிந்து, நாகு தனியே பிறத்தலும் உண்டு. தனித்துப் பிறந்த நாகொன்று நல்ல தீனி உண்டும் மூன்று வயது வரை வேட்கை கொள்ளாதிருந்தால், இதனையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். எருமையில் இரட்டைக் கன்று மிக அரிது. எனினும், இக்குறை எருமையிலும் அறியப்பட்டுள்ளது.

குறை தெளிவாகத் தெரிந்த பின்னர், அந்த நாகைக் கறவைக்கென வளர்ப்பதைக் கைவிடுதல் வேண்டும். இதனை மறைத்துக் கறவை நாகென விற்பது, ஒருவரின் நட்டத்தை மற்றொருவரின் கொட்டிலுக்கு மாற்றுவதாகவே முடியும்.

வெளிக்குத் தெரியாத குறை

மேற்கூறிய குறை ஒரு மாட்டோடு நின்றுவிடும். மலட்டு நாகு தன் குறையைப் பிறவற்றுக்குக் கொடுப்பதில்லை. ஆனால், பரம்பரையாகத் தொடரும் மற்றொரு வகைக் குறையும் உண்டு.

1964 இல் சுவீடன் நாட்டில் இங்கமார் குஸ்தாவ்சன் என்பவரும் அவரோடு சேர்ந்தோரும் குருதிப் புற்றுநோயுற்ற பசுக்களின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தனர். அப்போது 60 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 59 உடைய பசுக்களைக் கண்டனர். ஒன்றும் அழிந்து போகவில்லை. முதலாம் நிறமூர்த்தமும் இருபத்தொன்பதாம் நிறமூர்த்தமும் முனையோடு முனை ஒட்டி ஒன்றாகியிருந்தன. மேலும் ஆராய்ந்தபோது, நோயற்ற மாடுகளிலும் இது பரவியிருந்தமை தெரியவந்தது. அந்நாட்டுச் செவ்வெள்ளை இன மாடுகளில் ஏறத்தாழ ஏழு மாட்டுக்கு ஒன்று இவ்விணைப்பை உடையதாயிருந்தது.

இதனை உடைய மாடு பார்வைக்கு எவ்விதக் குறையும் அற்றது, பாலும் குறைவதில்லை. ஆனால், விந்தோ சூலோ உண்டாகும்போது, ஒட்டிய நிறமூர்த்தம் ஒழுங்காகப் பிரியாமல், சிலவற்றுக்கு மிகையாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் சேர்ந்துவிடுகிறது. அத்தகைய கரு சில வாரங்களிலேயே அழிந்து போகும். பசு சினைப்பட்டது போலத் தோன்றிப் பின்னர் மீண்டும் வேட்கை கொள்ளும். கருத்தரிக்கும் ஆற்றல் 100 க்கு ஏறத்தாழ 5 முதல் 10 வரை குறைவதாக அறியப்பட்டது. இது சிறிதெனத் தோன்றலாம். ஆயின், ஒவ்வொரு முறை தவறும்போதும் குறைந்தது மூன்று வாரப் பால் இழப்பாகிறது. மந்தை முழுவதுக்கும், பல்லாண்டுகளுக்கும் கணக்கிட்டால் அவ்விழப்பின் அளவு விளங்கும்.

இக்குறையைப் பசுவைக் காட்டிலும் காளையே மிகுதியாகப் பரப்புகிறது. ஒரு பசு தன் ஆயுளில் ஈனும் கன்றுகள் சிலவே. ஒரு பொலிகாளையோ பட்டி முழுவதுக்குந் தந்தையாகிறது. அதன் கன்றுகளிற் பாதியளவு அக்குறையைப் பெறுகின்றன. செயற்கை முறைச் சினைப்படுத்தலில் ஒரே காளையின் விந்து பல்லாயிரம் பசுக்களுக்குச் செல்லும். இதனை உணர்ந்த சுவீடன் நாட்டார், இக்குறையுடைய காளைகளைச் செயற்கை முறைச் சினைப்படுத்தலினின்றும் நீக்கினர். அதனாற் குறையும் படிப்படியாக அருகிற்று. பிற நாடுகளிலும் விந்துக்கென எடுக்கப்படும் காளைகளை முன்னரே ஆராய்ந்து பார்க்கும் வழக்கம் இதன் பின் வலுப்பெற்றது.

கலப்பினம் பற்றிய ஐயம்

யேர்சி, பிரீசியன் முதலிய மேனாட்டு இனங்களை நாட்டுப் பசுவோடு கலந்தால் இரத்தம் பொருந்தாமல் மலடு உண்டாகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. மேனாட்டு மாட்டிலும், சிந்தி, சாகிவால் முதலிய திமிலுள்ள மாட்டிலும், நாட்டு மாட்டிலும் நிறமூர்த்தங்கள் 60 ஆகவே உள்ளன. அவை ஒன்றோடொன்று நன்கு சோடி சேர்கின்றன. குதிரையில் 64 உம் கழுதையில் 62 உம் இருப்பதால், அவற்றின் கலப்பாகிய கோவேறு கழுதை 63 பெற்று மலடாகிறது; மாட்டின் கலப்பினத்துக்கு அந்நிலை இல்லை. கலப்பினப் பசு சினைப்படாதிருப்பின், அது உண்ணுந் தீனி அதன் உடலுக்குப் போதுமா, வெப்பத்தால் வாடுகின்றதா என்பவற்றையே முதலிற் பார்த்தல் வேண்டும். மேனாட்டு இரத்தம் மிகுந்த பசு எழுவான்கரையின் வெயிலில் நிழலும் நீருமின்றி நின்றால், வேட்கை குன்றுவது இயல்பே.

எருமையும் ஐம்பது நிறமூர்த்தங்களும்

எருமை வளர்ப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இலங்கையிலேயே ஆராயப்பட்டதாகும். உலகில் வளர்க்கப்படும் எருமைகள் இரு வகையின. இந்தியா, பாக்கிஸ்தான் ஆகிய நாடுகளின் முர்ரா, சுர்த்தி, நீலி-ரவி முதலியன ஆற்றெருமைகள் எனப்படும். அவற்றில் நிறமூர்த்தங்கள் 50. தென்கிழக்கு ஆசியாவில் உழவுக்குப் பயன்படுஞ் சேற்றெருமைகளில் அவை 48. ஆற்றெருமையின் நான்காம் நிறமூர்த்தமும் ஒன்பதாம் நிறமூர்த்தமும் சேற்றெருமையில் ஒன்றாக ஒட்டியிருப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இரு வகையையுங் கலந்தால் 49 உடைய கன்று பிறக்கும். அது முற்றும் மலடன்று. எனினும், அதன் கருத்தரிக்கும் ஆற்றல் குறைகிறது. மலேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிற் பாலுக்காக முர்ராக் கடாக்களைக் கொணர்ந்து சேற்றெருமையோடு கலந்தபோது இப்பிரச்சினை எழுந்தது.

இலங்கையின் நாட்டெருமை தோற்றத்தாற் சேற்றெருமையையே ஒத்தது; சேற்றிற் கிடப்பது, வயல் உழுவது, சூடு மிதிப்பது ஆகியவற்றாலும் அவ்வாறே கருதப்பட்டது. அப்படியாயின், முர்ராக் கடாவோடு கலப்பது இங்கும் மலட்டுத் தன்மையைக் கொணருமா என்ற கேள்வி எழுந்தது. அரிப் பொங்சோ, குமாரதிலக்க, புவனேந்திரன் ஆகிய மூவரும் நாட்டெருமையின் நிறமூர்த்தங்களை எண்ணி, 1977 இல் தம் முடிவை வெளியிட்டனர். இலங்கை நாட்டெருமையில் நிறமூர்த்தங்கள் 50 என்பதே அம்முடிவு. தோற்றம் சேற்றெருமையாயினும், உள்ளமைப்பு ஆற்றெருமையதே. ஆகையால், மட்டக்களப்பின் நாட்டெருமையை முர்ரா முதலிய இனங்களோடு கலக்கும்போது, நிறமூர்த்தப் பொருத்தமின்மையாற் கேடு நேராது. பேராதனையிற் கற்ற கால்நடை மருத்துவராகிய பொங்சோ, பின்னர் மலேசியாவில் 49 நிறமூர்த்தமுடைய கலப்பெருமைகளையும் ஆராய்ந்தார். அதன் பின் சிங்கப்பூரில் மனிதக் கருவின் மூலக் கலங்களை 1994 இற் பிரித்தெடுத்து உலகப் புகழ் பெற்றார்.

எருமையிற் பிறவிக் குறையே இல்லை என்று இதனாற் கொள்ளலாகாது. இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இருக்க வேண்டிய எருமை நாகில் ஒன்று மட்டுமே இருத்தல் உண்டு. அப்போதும் எண்ணிக்கை 49 ஆகும். ஆனால் இது கலப்பினால் வந்ததன்று. இத்தகைய நாகின் சூலகம் வளர்வதில்லை. அது முற்றும் மலடாகும். இந்தியாவிலும் இத்தாலியிலும் இவ்வாறான எருமைகள் கண்டறியப்பட்டுள்ளன. இத்தாலியில் இனவிருத்திக் குறையுள்ள எருமைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிற் பால் நிறமூர்த்தக் குறை இருந்தது.

ஆய்வுகூடச் சோதனை

நிறமூர்த்தங்களை எண்ணுவதற்கு மாட்டின் சிறிதளவு குருதி போதும். அதிலுள்ள வெண்கலங்களை ஏறத்தாழ மூன்று நாள் வளர்த்து, அவை பெருகும் தறுவாயிற் கொல்கிசீன் என்னும் பொருளால் நிறுத்தி, சாயமூட்டி நுணுக்குக்காட்டியிற் பார்க்கின்றனர். அப்பொருள், கார்த்திகைப் பூவின் கிழங்கிலுள்ள கொடிய நஞ்சேயாகும். இச்சோதனை தக்க வசதியுள்ள ஆய்வுகூடங்களிலேயே செய்யத்தக்கது. ஆதலால், சினைப்படாத ஒவ்வொரு மாட்டுக்கும் இதனைச் செய்வித்தல் இயலாது. பொலிகாளைகளுக்கும், ஐயத்துக்கிடமான விலையுயர்ந்த நாகுகளுக்குமே இது வேண்டப்படும். கமக்காரர் கையில் உள்ள கருவி வேறு. அது பட்டிக் குறிப்பேடு.

பட்டிக் குறிப்பேடு

மாடுகளுக்குக் குறி சுடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். குறியைக் கொண்டு மாடு எவருடையது என அறியலாம். அதன் தாய் எது, தந்தை எது என அறிய முடியாது. காதில் இலக்கத் தகடு இட்டு, அவ்விலக்கத்தின் கீழ்ப் பிறந்த நாள், தாய், காளை, ஒற்றையா இரட்டையா என்னும் விவரம், உடன் பிறந்த கன்றின் பால், வேட்கை கண்ட நாள், காளை சேர்ந்த நாள், மீண்டும் வேட்கை கொண்ட நாள், ஈன்ற நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும்.

இக்குறிப்பேட்டால் நோயின் இருப்பிடத்தை ஓரளவு கண்டுகொள்ளலாம். நல்ல தீனி உண்ணும் பட்டியில் ஒரு பசு மட்டும் மூன்று முறைக்கு மேல் திரும்ப வேட்கை கொள்ளுமாயின், குறை பெரும்பாலும் அப்பசுவினிடத்தே இருக்கும். ஒரே காளையோடு சேர்ந்த பசுக்கள் பலவும் அவ்வாறு திரும்புமாயின், காளையை ஐயுற வேண்டும். காளையை மாற்றிய பின்னரும் அந்நிலை தொடருமாயின், தொற்று நோயையோ தீனிக் குறையையோ ஆராய வேண்டும். இவற்றுள் எது எனத் துணிவதற்குக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு அக்கொப்பியே பெருந்துணையாகும்.

ஒரே காளையைப் பட்டியிற் பல்லாண்டு வைத்திருத்தல் மற்றொரு தவறாகும். மூன்றாண்டு கழிந்தால் அதன் நாகுகளே அதனோடு சேரும் நிலை உண்டாகும். அப்போது மறைந்திருந்த குறைகள் வெளிப்படுவதோடு, கன்றுகளின் வளர்ச்சியும் குன்றும். ஆதலால், மூன்றாண்டுக்கு மேற்படாமற் காளையை மாற்றுதல் நன்று. அயற் பட்டிக்காரருடன் காளையை மாற்றிக்கொள்வோர், அப்பட்டியிற் கருச்சிதைவு நேர்ந்ததா, பசுக்கள் அடிக்கடி திரும்புகின்றனவா என்று விசாரித்து, குருதிச் சோதனையும் செய்வித்தே மாற்றிக்கொள்ளல் வேண்டும். கொட்டிலில் ஓரிரு பசு வைத்திருப்போர்க்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தலே ஏற்றது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சினைப்படாத மாட்டைப் பிறவி மலடெனக் கழிக்கு முன், தீனி, கனியுப்பு, வேட்கைக் காலம், நோய் ஆகிய நான்கையும் ஆராய்க.

2. நாம்பனோடு இரட்டையாகப் பிறந்த நாகை, முதல் மாதத்திலேயே கால்நடை வைத்திய அதிகாரிக்குக் காட்டுக. மலடெனத் தெரிந்தாற் கறவைக்கென வளர்க்கற்க.

3. இரண்டும் நாகுகளாயின் அஞ்ச வேண்டியதில்லை.

4. இரட்டையிற் பிறந்த நாம்பனைப் பொலிகாளையாக வைக்கற்க.

5. நல்ல தீனி உண்டும் மூன்று வயது வரை வேட்கை கொள்ளாத நாகையும், மூன்று முறைக்கு மேல் திரும்பும் பசுவையும் சோதிப்பிக்க.

6. காளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றுக.

7. நாட்டெருமையை முர்ரா முதலியவற்றோடு கலக்க அஞ்சற்க. இரண்டிலும் நிறமூர்த்தங்கள் 50.

8. ஒவ்வொரு மாட்டுக்கும் குறிப்பு எழுதி வைக்க. கன்று பிறந்த அன்றே எழுதுக. இரட்டையாயின் உடன் பிறந்தது நாம்பனா, நாகா என்பதைத் தவறாது குறிக்க.

மாடு விற்பவரும் வாங்குபவரும் இவ்வெட்டினையும் அறிந்திருப்பின், பயனற்ற மாட்டுக்குச் செலவாகும் தீனி பயனுள்ள கன்றுக்குக் கிடைக்கும். மேலும் விளக்கம் வேண்டுவோர், தத்தம் பிரிவிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தை மாட்டின் குறிப்பேட்டோடு சென்று அணுகுதல் வேண்டும்.